பத்திரத்தை எடுக்கும் முன்: பைலட் படிப்புக்குக் கணக்குப் போடுவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலை. அண்ணன் மகன் பிளஸ் டூ முடித்த கையோடு பைலட் ஆகணும் என்று நின்றான், வீட்டில் முதலில் வெளியே எடுத்தது தோட்டத்துப் பத்திரத்தைத்தான். அது தப்பு. பத்திரம் கடைசியில் வரவேண்டியது. சின்னச் செலவுகளை எல்லாம் முதலில் செய்து, அதில் தேறினால் மட்டும் பெரிய செலவில் கை வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

முதல் செலவு கண்ணுக்கு. குன்னூரிலோ கோவையிலோ ஒரு கண் டாக்டரிடம் போய், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா படங்களைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர் பைலட் ஆக முடியாது என்பது புரளி. ஆனால் நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அங்கேயே யோசிக்க வேண்டும். அப்புறம் டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் என்ற முதல்கட்ட உடல்தகுதிச் சோதனை, அதை அடுத்து இன்னும் கடுமையான கிளாஸ் 1. நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் மையம். கிளாஸ் 1 இல்லாமல் கமர்ஷியல் லைசென்ஸ், அதாவது சிபிஎல், கையில் வராது, ஆனாலும் கிளாஸ் 2 மட்டும் வைத்துக்கொண்டு முதல் தவணை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் கட்டும் முன் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து பரீட்சை. நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் என்று டிஜிசிஏ பேப்பர்கள், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கலாம், கோச்சிங் போனாலும் பறக்கும் செலவோடு பார்த்தால் சில்லறைதான். இதை முதலில் முடித்துவிட்டால், பையனுக்கு இது நிஜமாகவே பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வானிலைப் பாடம் மலைப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சுலபம், ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாவதை தினமும் ஜன்னலில் பார்த்தே வளர்ந்தவர்கள். பெரிய விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்துக்கு மேல் போகாதபடி வைத்திருப்பார்கள் என்று அவன் படித்துச் சொன்னபோது அண்ணிக்குச் சிரிப்பு: ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா 8,650 அடி, நாம் பிறந்ததிலிருந்தே அங்கேதானே இருக்கிறோம் என்று.

சரி, பெரிய காசு. இந்தியாவில் ஃப்ளையிங் ஸ்கூலில் 200 மணி நேரம் பறந்து சிபிஎல் வாங்க சுமார் 45 முதல் 60 லட்சம் வரை கேட்கிறார்கள். விளம்பரத்தில் இந்தத் தொகையோடு நிறுத்திவிடுவார்கள். ஏர்லைனில் உட்கார ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டத் தனித் தகுதி, வேண்டும், அதற்கு இன்னொரு 15 லட்சமாவது. ஹாஸ்டல், சாப்பாடு, போக்குவரத்து தனி.

எங்களைக் கவிழ்த்தது நாள்கணக்கு. நாங்கள் சேர்த்த இடத்தின் பெயர் வேண்டாம். 15 மாதம் என்றார்கள், 28 மாதம் ஆனது. காரணம் எளிது, போடத் தெரியாமல் விட்ட கணக்கு. ஒரு விமானம் மாதம் 60 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு விமானம், 240 மணி. மாணவர்கள் 60 பேர் என்றால் தலைக்கு 4 மணி. 200 மணிக்கு 50 மாதம்! அதனால் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். அதையும் ஆபீஸில் கேட்காமல், ஸ்கூல் வாசல் டீக்கடையில் நிற்கும் பையன்களிடம், போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தாய் தம்பி என்று கேளுங்கள். மழைக்காலத்தில் எத்தனை வாரம் சும்மா இருந்தார்கள் என்பதையும்.

வெளிநாடு போனால் வேகமாக முடியும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஃபீஸ் டாலரில், ரூபாய் சரிந்தால் நடுவில் பட்ஜெட் எகிறும், திரும்பி வந்து லைசென்ஸை இங்கே மாற்ற டிஜிசிஏ பேப்பர்களை எப்படியும் எழுதியே ஆகவேண்டும். ஏர்லைன்களே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடும், வேலைக்கு வழி தெளிவாக இருக்கும் என்பது லாபம். கடனே வேண்டாம் என்றால் விமானப்படை. பிளஸ் டூ முடித்ததும் என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி, அல்லது டிகிரிக்குப் பின் 20 முதல் 24 வயதுக்குள் ஏஎஃப்கேட் என்ற விமானப்படைத் தேர்வு. ஷார்ட் சர்வீஸ் என்ற குறிப்பிட்ட காலப் பணியில் 14 வருடம், பறக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தருவார்கள். நம்ம ராணுவ ஊரான வெலிங்டனில் யூனிஃபார்மைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைகளிடம்கூட இந்த வழியை யாரும் சொல்வதில்லை.

கடன் வாங்குபவர்கள் இதைச் செய்து பாருங்கள். 50 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69,000 ரூபாய். பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,450 கிலோ, பறிகூலியையும் உரச்செலவையும் கழிக்காமலே. படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. லைசென்ஸ் வந்த அன்றே வேலை வராது, குறைந்தது ஒரு வருடத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பார்த்துவிட்டு பேங்க் படி ஏறுங்கள். கட்டும் வட்டிக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, எட்டு வருடம்வரை வரிச்சலுகை உண்டு.

ஸ்கூலில் கையெழுத்துப் போடும் நாளில் இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள். தவணையைத் தேதி வைத்துக் கட்டாமல் பறந்த மணி நேரத்தை வைத்துக் கட்டுவதாக இருக்க வேண்டும், 50 மணி முடிந்தால் அடுத்த தவணை என்பது போல. நடுவில் விலகினால் பறக்காத மணிகளுக்கு எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பது இன்னொன்று. நாங்கள் வாய்ப்பேச்சை நம்பி மொத்தத்தையும் மூன்று தவணையில் கட்டினோம், அதனால்தான் 28 மாதமும் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று.