மனச்சோர்வு மாத்திரையைக் குறைக்கும்போது தேதியைக் குறித்து வையுங்கள்

மருத்துவர் சொற்படி மனச்சோர்வு மாத்திரையைக் குறைக்கும்போது, அளவு குறைந்த தேதியையும் அதன்பின் தோன்றும் தொந்தரவுகளையும் நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள். தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு ஆகியவை சில நாட்களுக்குள் தலைகாட்டினால், பெரும்பாலும் அது மருந்து குறைந்ததன் விளைவு. பழைய நோய் திரும்புவதென்றால் வழக்கமாக வாரக்கணக்கில், மெல்ல மெல்ல வரும். அழுகையும் பதற்றமும் இரண்டிலும் உண்டு. தேதி இல்லாவிட்டால் மருத்துவருக்கே குழப்பம்தான். இருந்தால், குறைக்கும் வேகத்தைத் தளர்த்துவதா, சிகிச்சையை மாற்றுவதா என்று அவர் தீர்மானிக்கலாம்.

ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை உடலில் வாரக்கணக்கில் தங்குவதால், அதற்கு இந்தக் கணக்கு சரிவராது. தற்கொலை எண்ணம் எழுந்தால் குறிப்பெல்லாம் வேண்டாம். உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.