வன்னிக்கு முதியவர்களோடு திரும்புகிறீர்களா? முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

இந்திய முகாம்களிலிருந்தோ கனடா, ஐரோப்பாவிலிருந்தோ அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வன்னியில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் காணி உறுதி, வீட்டுக் கூரை, கரண்ட் என்று ஓடுவார்கள். ஆஸ்பத்திரி, வருத்தம் வந்த பிறகுதான். அந்த வரிசையை மாற்றுங்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியமும் மருந்தும் இலவசம். ஆனால் கிளினிக்கில் பதிந்து தவறாமல் போகிறவருக்குத்தான் அது ஒழுங்காகக் கிடைக்கும்.

புறப்படும்போது இரண்டு மாத மருந்தாவது கையில் இருக்கட்டும். பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். இங்கே அது உதவாது. அதன் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வையுங்கள். மெற்ஃபோமின் 500, லொசாட்டன் 50 என்று கண்டால் டொக்டருக்கு ஒரு நிமிட வேலை. இந்திய மாத்திரை பலவற்றில் இரண்டு மூன்று மருந்து கலந்திருக்கும்; இங்கே அவற்றைத் தனித்தனியாகத் தருவார்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் சீனி இறங்கி மயக்கம் வரும். புதியது தொடங்கிய அன்றே பழையதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். இந்தியாவில் பரவலாக உள்ள குப்பி ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு. இங்கே தருவது 100 அலகு. சிவப்பு மூடி போட்ட 40 அலகு ஊசியால் இங்குள்ள மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 அலகு, அதாவது இரண்டரை மடங்கு. தனியே இருக்கும் வயதானவர் இரவில் அதிலிருந்து மீளாமலே போகலாம். இங்குள்ள மருந்துக்கு மாறிய அன்றே பழைய ஊசிகளை ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள். கனடா, லண்டன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வேறு குழப்பம்: அங்கே சீனி 7 என்பார்கள், இங்கே 126 என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், 18ஆல் பெருக்கிப் பாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அகன்ற மண்சட்டியில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்ன முட்டியைப் புதைத்து, பொலித்தீனில் சுற்றிய இன்சுலின் குப்பியை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நிழலும் காற்றும் உள்ள மூலை நல்லது. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. திறந்த குப்பியை நாலு கிழமைக்கு மேல் பாவிக்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் உறைந்துபோனதை எறிந்துவிடுங்கள், உருகினாலும் அது உதவாது.

எங்கே பதிவது? வருத்தம் உள்ளவர் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளுக்கோ, பக்கத்திலிருந்தால் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புக்கோ போகலாம். வருத்தம் இல்லாதவருக்கும் இடமுண்டு: 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, இடுப்பளவு பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம். எந்த நாள், எங்கே என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஓட்டோக்காரரிடம் 'எம்ஓஎச் ஒஃபிஸ்' என்றால்தான் விளங்கும்.

வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் காலை இன்சுலினும் சீனி மாத்திரையும் இரத்தம் எடுத்த பிறகுதான், அதுவும் சாப்பாட்டோடு. வரிசை நீளும். இடியப்பமோ பாணோ கட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியை மழையில் நனைய விடாதீர்கள். பழைய மருந்து விபரம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இனித் தண்ணீர். வன்னியின் பல கிணறுகளில் கல்சியமும் புளோரைட்டும் அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. வற்றக் காய்ச்சினால் இன்னும் செறிவாகும். ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, தேவையானால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீர் எடுங்கள். உவர்த் தண்ணீர் பிடிக்காமல் வயதானவர்கள் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். வெயிலில் உடம்பு வறண்டிருக்கும்போது முழங்கால் வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரே அடி. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய வருடம் ஒருமுறை இரத்தத்தில் கிரியற்றினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். எட்டடி விரியன் (கட்டுவிரியன் பாம்பு) இரவில் கடித்தால் பெரும்பாலும் வலியே இராது. விடியும்போது கண்மடல் இறங்கி, பேச்சுக் குழறும்போதுதான் தெரியவரும். கட்டில், மெத்தைக்கு அடியில் செருகிய நுளம்புவலை, கிணற்றடிக்கும் கழிவறைக்கும் போக ரோர்ச் ஒன்று. ரோர்ச் விழாமலும் காப்பாற்றும். கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு.

60 வயதானவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை உண்டு. கிராம சேவகரிடம் பதிவுக்குப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே வீட்டுக்கு வரும் வழியையும் எழுதுங்கள்: எந்தச் சந்தி, எந்தக் கோவில், எத்தனையாவது ஒழுங்கை. பதற்றத்தில் பேரப்பிள்ளையும் அதைப் பார்த்து வாசித்துச் சொல்லலாம்.