தண்ணீரில் நின்ற வண்டியில் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்

போன ஜூலையில் இமாசலத்தில், மணாலியிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கிராம்ஃபூவுக்கும் பாட்டலுக்கும் நடுவே ஓர் ஓடைக்கரையில் பைக்கை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மேலே பனி உருகி, காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடியிருக்கும் தண்ணீர் இப்போது தொடையைத் தொடும் போலிருந்தது. சத்ரூவுக்குத் திரும்பி தாபாவில் படுத்துவிட்டு விடிந்ததும் வரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நான்கு டிஎன் வண்டிகள் வந்தன. எல்லோருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முன்னால் வந்த தம்பி நிற்கவே இல்லை, அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டான். பாதி தூரத்தில் முன்சக்கரம் கல்லில் முட்டியது, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது, எஞ்சின் நின்றது. நிமிர்த்திப் பிடித்ததும் அவன் செய்த முதல் வேலை ஸ்டார்ட்டரை அழுத்தியதுதான். “தம்பி, கையை எடுப்பா, தொடாதே!” என்று கத்தினேன். அந்த இரைச்சலில் எங்கே கேட்கும்?

2018-இல் அதே சாலையில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், செயினைக் கவனியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. கோடையில் ஏரி வற்றியதும் ஊருக்குப் பக்கத்தில் புதியவர்களுக்கு மண்ணில் ஓட்டச் சொல்லிக்கொடுப்பேன். அங்கேயும், மலையிலும், திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவை மட்டும் இங்கே.

முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவது

“மண்ணில் முன் பிரேக் பிடித்தால் விழுந்துவிடுவோம்” என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள், அது மனதில் ஒட்டிக்கொள்கிறது. சரளைக்கல் இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. இறக்கத்தில் எடை பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது, ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரம்தான் செய்ய முடியும். ஒரு விரலோ இரண்டு விரலோ, மெதுவாக, ஹேண்டில் நேராக இருக்கும்போது பிடியுங்கள். ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் சட்டென்று பிடிப்பதுதான் ஆளைக் கீழே போடும். வண்டியில் பின்சக்கர ஏபிஎஸ்-ஐ (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதி இருந்தால் மண்ணில் அதை அணைத்துவிடுங்கள், முன்சக்கரத்தினுடையது அப்படியே இருக்கட்டும்.

பயத்தில் ஏற்றிய சுமை

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், தாண்டி என்ற ஊரில் பல வருடங்களாக நின்ற அந்தப் பலகையின் படம் எல்லோரிடமும் இருக்கும்: அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில். அதைப் பார்த்துப் பயந்து ஆளுக்கு இரண்டு ஐந்து லிட்டர் கேன்களைப் பின்சீட்டுக்கும் மேலே, பையின் உச்சியில் கட்டிக்கொள்கிறார்கள். டேங்க் பதினைந்து லிட்டர், லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் 450 வருகிறது. சுமை, ஏற்றம், முதல் கியரில் ஊர்வது எல்லாவற்றையும் கழித்தாலும் ஐந்து லிட்டர் கையில் இருந்தால் போதும். அதையும் இடுப்புக்குக் கீழே, வண்டியின் நடுப்பகுதியை ஒட்டிக் கட்ட வேண்டும். ஏற்கெனவே 200 கிலோவை நெருங்கும் வண்டியில், உயரத்தில் கட்டிய பத்து கிலோ, தாழ்வாகக் கட்டிய இருபது கிலோவைவிட மோசம். நின்றுகொண்டு ஓட்டும்போது அது உங்களைப் பின்னால் இழுக்கும், ஹேர்பின் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது தள்ளிவிடும்.

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் வண்டியில் கட்டி, வீட்டு வாசலில் ஒருமுறை படுக்கவைத்துத் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் எதை எடுத்துப் போடுவது என்று அப்போதே தெரிந்துவிடும்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றையும் பெட்ரோலையும் அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, அமுக்க விகிதம் 9.5:1 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 47 மில்லிதான். 400-ஐ 8.5-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்களே கணக்குப் போடலாம். டீக்கடைக் கிளாஸில் பாதிகூட இல்லாத அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர வழியே இல்லை. அப்போது யாராவது கட்டாயப்படுத்தி அதைச் சுற்றவைத்தால் வளைவது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடுதான்.

“சைலன்சர் தண்ணீரில் மூழ்கினால் அவ்வளவுதான்” என்று பலர் அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை தண்ணீரை வெளியே தள்ளிவிடும். உண்மையான ஆபத்து காற்று உறிஞ்சும் வாய். பல வண்டிகளில் அது சீட்டுக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் டேங்குக்கு அடியில். நேராக நிற்கும் வண்டியில் அது உயரத்தில் இருக்கிறது, ஆனால் வண்டி தண்ணீரில் சாய்ந்தால் அதுவும் தண்ணீருக்குள்தான். ஏர் ஃபில்டர் பெட்டி நிரம்பிவிடும், அங்கிருந்து அடுத்த இடம் சிலிண்டர்.

2018-இல் எனக்கு நடந்தது இது. காலையில் சோம்பேறித்தனமாகப் பத்து மணிக்குக் கிளம்பி, மதியம் இரண்டரைக்கு ஓடையில் இறங்கினேன். வண்டி சாய்ந்தது, நின்றது. தூக்கி நிறுத்தி ஸ்டார்ட்டரை அழுத்தினேன். “டக்” என்று ஒரே சத்தம், அத்தோடு ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி “டக்”. ஸ்டார்ட்டர் மோட்டாரால் தண்ணீரை அமுக்க முடியாமல் எஞ்சின் பூட்டிக்கொண்டு நிற்கிறது என்பது அதன் பொருள். எனக்கு அது தெரியவில்லை, பேட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கரையேற்றி, இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு நான்கு பேர் தள்ள, கிளட்சை விட்டேன். பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டது, உள்ளே இரும்பு ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது.

ஸ்டார்ட்டரோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது வண்டியின் எடை, உங்கள் எடை, இறக்கத்தின் வேகம் எல்லாம் சேர்ந்து பின்சக்கரம் வழியாக அந்த ஒரு ராடின்மேல் இறங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இல்லாத பலம் அதற்கு உண்டு. ராடு வளைந்தது, பிஸ்டன் போனது, சிலிண்டரிலும் கீறல். லாரியில் ஏற்றி மணாலிக்குத் திரும்பினேன். பாகங்கள் வர பதினொரு நாள், செலவு ரூ. 41,000. ஸ்பிதியின் பெரிய ஊரான காசா அந்த வருடம் எனக்குக் கண்ணில் படவே இல்லை. தண்ணீரால் எஞ்சினுக்கு வரும் இப்படிப்பட்ட சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது, எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். இத்தனைக்கும் ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர் என் சீட்டுக்கு அடியிலேயே, டூல்கிட்டில், பிரிக்காத கவரில் இருந்தது. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவது இருபது நிமிட வேலை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? தண்ணீரில் எஞ்சின் நின்றதும் கில் ஸ்விட்சைப் போடுங்கள், சாவியைத் திருப்பி அணையுங்கள். நியூட்ரலில் போட்டு, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கரைக்குத் தள்ளுங்கள். தள்ளும்போது தண்ணீர் வரும் பக்கமாக நீங்கள் நிற்க வேண்டும், வண்டி விழுந்தால் உங்கள்மேல் விழாமல் தண்ணீர் போகும் பக்கம் விழும். கரையேறியதும் முன்பக்கத்தைத் தூக்கினாற்போல் நிறுத்தி, சைலன்சரில் இருப்பதை வடியவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்து பெட்டியும் காய்ந்திருந்தால் அநேகமாகத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஈரம் இருந்தால் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். சில வண்டிகளில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும், அந்தக் குழியிலும் தண்ணீர் நிற்கும், முதலில் அதைத் துணியால் ஒற்றியெடுங்கள், இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றியதும் அது நேராக உள்ளே இறங்கும்.

பிளக் வெளியே வந்தபின், பிளக் கேப்பைத் துளையிலிருந்து நன்றாக விலக்கி வைத்துவிட்டு (உள்ளிருந்து பெட்ரோல் ஆவியும் வரும், அங்கே தீப்பொறி கூடாது), முகத்தை விலக்கிக்கொண்டு இப்போது ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். வருவது நிற்கும்வரை விட்டுவிட்டு அழுத்துங்கள். அப்புறம் ஆயில் பார்க்கும் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலிலும் தண்ணீர் சேர்ந்துவிட்டது, அதை மாற்றாமல் ஓட்டக்கூடாது. தெளிவாக இருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்யலாம், அடுத்த ஊரில் ஆயிலை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு இதைத்தான் செய்தோம். அவனுடைய நண்பர்கள் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள், நான் சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கோபப்பட்டான். “அண்ணே, பேட்டரிதான் வீக்” என்றான், 2018-இல் நான் சொன்ன அதே வார்த்தை. பிளக்கைக் கழற்றி அழுத்தியதும் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் வந்தது, அதன்பின் அவன் பேசவில்லை. நாற்பது நிமிடத்தில் வண்டி ஓடியது.

உங்கள் வண்டியில் பிளக் எங்கே இருக்கிறது, டேங்கைக் கழற்ற வேண்டுமா, டூல்கிட்டில் இருக்கும் ஸ்பேனர் அதற்கு எட்டுமா என்பதை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிடுங்கள். குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலையல்ல இது.

நடந்து பார்க்காமல் இறங்குவது

நடக்க முடியாத ஓடையில் ஓட்டவும் முடியாது. சலசலப்பில்லாமல் வழவழப்பாக ஓடும் இடம்தான் ஆழம். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், பார்வை அக்கரையில்.

நனையாமலிருக்க பூட்ஸைக் கழற்றுவது

செருப்பு மாட்டிக்கொண்டு பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடையில் இறங்குகிறார்கள். அடியில் உருளும் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். பூட்ஸ் நனையட்டும், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள்.

காற்றை இறக்கிவிட்டு மறந்துவிடுவது

மண்ணிலும் மணலிலும் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும், உண்மைதான். தார் ரோட்டில் முப்பது பிஎஸ்ஐ வைக்கிற நான் மணலில் இருபத்திரண்டு வரை இறக்குவேன். ஆனால் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர், முழுச் சுமை என்றால் அதற்குக் கீழே போவதில்லை. கூரான கல்லில் மோதும்போது ரிம் ட்யூபை நசுக்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிழித்துவிடும், ஒட்டுப் போட்டாலும் நிற்காது. அதே காற்றோடு தார் ரோட்டில் எண்பதில் போனால் டயர் கொதிக்கும், வளைவில் வண்டி நெளியும். இன்னொன்று, சமவெளியில் நிரப்பிய காற்று மேலே ஏற ஏற கேஜில் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் வெளியே காற்றழுத்தம் குறைகிறது. குளிர் அதைக் கொஞ்சம் குறைக்கும். தினமும் காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். கை பம்ப் இல்லையென்றால் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

முதல் இரவே சர்ச்சுவில்

லே போகும் சாலையில் மணாலி 2,000 மீட்டர் சொச்சம் உயரம், சர்ச்சு சுமார் 4,300. ஒரே நாளில் அங்கே ஏறிப் போய்ப் படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. மறுநாள் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் கணவாய்களில் அதே தலையோடு ஓட்ட வேண்டும். வழியிலேயே இருக்கும் ஜிஸ்பாவில் தங்குங்கள், 3,200-தான். தலைவலி கூடிக்கொண்டே போனால், நடை தள்ளாடினால், கீழே இறங்குங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள்.

புது பூட்ஸ்

ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடங்கள்.

காட்டுக்குள் பயிற்சி

காப்புக்காடு பயிற்சித் திடல் அல்ல. நுழையாதீர்கள்.

மதியத்துக்கு மேல் பெரிய ஓடை

வேண்டாம். தாபாவில் ஒரு படுக்கையும் சூடான பருப்பு சாதமும் கிடைக்கும், ராத்திரி குளிரில் மேலே பனி உருகுவது குறைந்து விடியும்போது தண்ணீர் இறங்கியிருக்கும். ஆறு மணிக்குக் கடந்துவிடலாம்.