‘ஒரு கதை படிச்சேன், பேர்தான் ஞாபகம் இல்லை’: மறந்துபோன அறிவியல் சிறுகதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அயனாவரத்தில் இருக்கும் என் பெரியப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட் போய் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஆரம்பித்தார். “ஏம்மா, நீதான் கதையெல்லாம் நிறையப் படிக்கிறியே. சின்ன வயசுல ஒண்ணு படிச்சேன். வீடு தானா வேலை செய்யும். டிஃபன் பண்ணும், கூட்டிப் பெருக்கும். ஆனா வீட்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அது என்ன கதை?”

கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் என் முட்டாள்தனத்தால் போனது. இதே மாதிரி ஒரு கதையை மண்டையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் அந்த இரண்டு வாரத்தையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு போன் இருந்தால் போதும்.

படி 1: தேடுவதற்கு முன்னால் எழுதுங்கள்

போனை எடுக்காதீர்கள். நாலு கதைச்சுருக்கங்களைப் படித்துவிட்டால் அதில் வரும் சங்கதிகள் உங்கள் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எது அன்றைக்குப் படித்தது, எது இன்றைக்குப் பார்த்தது என்று பிரிக்கவே முடியாது.

முதலில் தாளில் எழுதுங்கள். வாக்கியம் அமைக்க வேண்டாம், வருகிற வரிசையிலேயே போடுங்கள். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது இப்படி இருந்தது:

வீடு தானா வேலை செய்யுது. காலை டிஃபன். சாப்பிட ஆளில்லை. சின்னச் சின்ன எலி, மெஷின் எலி. நாய் வந்து சாவுது. சுவத்துல நிழல். ஜப்பான். வேலைக்காரப் பொம்பளை, அவளும் ரோபோ. ஆகஸ்ட் மாசம். அசிமோவ் எழுதினது.

அடுத்தவருக்காகத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. “நாய் கறுப்பா வெள்ளையா?” என்று கேட்டால் அவர் ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிடுவார், அதை நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது காபி வரும்வரை அப்புறம், அப்புறம் என்றே கேட்டேன். கடைசியில்தான் சொன்னார்: “சுவத்துல ஒரு பந்து. அந்தரத்துல நிக்கிற மாதிரி.” இந்தப் பந்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

படி 2: எதை எவ்வளவு நம்பலாம்?

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். அடித்துச் சொல்லக்கூடியது, இருக்கலாம் என்பது, எங்கிருந்து வந்ததென்றே தெரியாதது. என் அனுபவத்தில் கண்ணால் பார்த்தது போல் நிற்கும் பொருள்கள் (எலி, நிழல், பந்து) பெரும்பாலும் சரியாக இருக்கும். சம்பவங்களின் வரிசை முன்னே பின்னே மாறிப்போயிருக்கும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், எழுத்தாளர் பெயர் மூன்றையும் நம்பவே கூடாது.

நான் ஜப்பானை நம்பினேன். இரண்டு வாரம் ஜப்பானிய அறிவியல் கதைகளின் மொழிபெயர்ப்பாகத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. ஜப்பான் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் புரிகிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, கல்படியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் அந்தக் கல்லிலேயே பதிந்துவிட்டது. அந்தக் கல்படி இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரியப்பா எந்தப் பத்திரிகையிலோ பார்த்திருக்க வேண்டும். கதையில் வந்த சுவர் நிழலும் அந்தப் படமும் ஐம்பது வருஷத்தில் ஒன்றாகிவிட்டன.

எழுத்தாளர் பெயருக்கு ஒரு காந்த குணம் உண்டு. தமிழில் ரோபோ வந்தால் சுஜாதா என்போம், ஆங்கிலமென்றால் அசிமோவ் என்போம். அசிமோவே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1956-ல் வந்த அவருடைய ‘தி லாஸ்ட் க்வெஸ்ச்சன்’ கதையைப் படித்தவர்களுக்குத் தலைப்பு மறந்துவிடும், எழுதியது அவர்தானா என்பதும் சந்தேகமாகிவிடும், கதை மட்டும் மறக்காது. ஒருவர் போன் செய்து, நீங்கள் எழுதியதென்று நினைக்கிறேன், தலைப்புதான் ஞாபகமில்லை என்று ஆரம்பித்ததுமே, கதையைக் கேட்காமலே இவர் தலைப்பைச் சொல்லிவிட்டாராம். அவருக்குச் சரி, நமக்கு அப்படி வாய்க்காது. ஆகவே தாளில் அசிமோவை அடித்துவிட்டேன். வேலைக்கார ரோபோவை ‘இருக்கலாம்’ பக்கம் வைத்தேன்.

படி 3: எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?

கதை மறந்தாலும் படித்த இடம் மறக்காது. பெரியப்பாவிடம் கேட்டதும், “மூர் மார்க்கெட்ல வாங்கினது, அட்டையே கிடையாது. மாடிப்படியில உக்காந்து படிச்சேன், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி” என்றார். வேலையில் சேர்ந்தது 1975. ஆக, கதை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த அத்தனையும் ஒரே வீச்சில் கழிந்தது. (சென்னையில் பழைய புத்தகங்கள் விற்ற மூர் மார்க்கெட் எரிந்தது 1985-ல். அதை வைத்தே பலர் படித்த காலத்தைக் கணக்குப் போடலாம்.)

எந்த மொழியில் படித்தீர்கள் என்றும் கேளுங்கள், ஆனால் முதல் பதிலை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் படித்ததை மனதுக்குள் தமிழில்தான் வைத்திருப்போம். அட்டை இல்லாத மூர் மார்க்கெட் புத்தகம் என்றதால் ஆங்கிலம் என்று முடிவு கட்டினேன்.

பள்ளியில் படித்ததோ என்ற சந்தேகம் வந்தால் பாடநூலை முதலில் பாருங்கள். எதிர்காலக் குழந்தைகள் பரணில் காகிதப் புத்தகம் ஒன்றைக் கண்டு வியக்கும் கதையைப் பலர் தேடுகிறார்கள். அசிமோவ் 1951-ல் எழுதிய ‘தி ஃபன் தே ஹேட்’ அது. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருஷம் இருந்தது.

படி 4: தேடல் சொற்கள்

ஆங்கிலக் கதை என்றால் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். கதையின் கருத்தைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள். முதலில் ‘எதிர்கால வீடு, தனிமை’ என்கிற பொருளில் தேடினேன். ஸ்மார்ட் ஹோம் விளம்பரமாக வந்து கொட்டியது, பல்பு விற்கிறவர்கள் இன்னும் என்னைத் துரத்துகிறார்கள். பிறகு மூன்று மூன்று பொருளாகச் சேர்த்தேன். ஆட்டோமேட்டிக் ஹவுஸ், ரோபோ மைஸ், டாக். கூடவே ‘ஷார்ட் ஸ்டோரி’ என்று போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வந்தது: ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’, ரே பிராட்பரி, 1950.

கவனித்தீர்களா, பந்தைத் தேடலில் போடவில்லை. வினோதமான சங்கதி ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எலியைத் தேடி, எலி இருக்கிற கதை வந்தால் அதில் என்ன அதிசயம்?

ஏஐ சாட்பாட்டிடம் கேட்கலாமா? தாராளமாக. ஆனால் அது இல்லாத கதைக்கும் தலைப்பு, வருஷம், எழுத்தாளர் எல்லாம் வைத்துக் கூசாமல் சொல்லும். சொன்ன தலைப்பை அடுத்த படியில் சோதிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 5: பட்டியலில் சரிபார்ப்பது

ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்று ஒரு தளம் உண்டு. ‘இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன் டேட்டாபேஸ்’ என்பது முழுப்பெயர், 1995 முதல் நடக்கிறது, காசு கிடையாது. கதைச்சுருக்கத்தை வைத்துத் தேட அது லாயக்கில்லை. தலைப்பு கிடைத்த பிறகுதான் அதன் அருமை தெரியும். கதை முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது, எந்தெந்தத் தொகுப்பில் சேர்ந்தது, அந்தத் தொகுப்பில் வேறென்ன கதைகள் என்று வரிசையாகக் கொடுக்கும்.

பெரியப்பாவின் கதை ‘தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்’ புத்தகத்தில் கடைசிக்கு முந்தையது. போன் போட்டு, “அதே புஸ்தகத்துல வேற ஏதாவது ஞாபகம் இருக்கா பெரியப்பா?” என்றேன். தலைப்பைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அது வேற புஸ்தகம்னு நெனைக்கிறேன். ஒரு அப்பா பசங்களைப் படகுல கூட்டிப் போவார். செவ்வாய் கிரகத்து ஆளுங்களைக் காட்டுறேன்னு சொல்லித் தண்ணியில அவங்க மூஞ்சியையே காட்டுவார்.”

அதுதான் அந்தப் புத்தகத்தின் கடைசிக் கதை. நம் கதைக்கு அடுத்தது. ஒரே புத்தகத்திலிருந்து இரண்டு துண்டு கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கதைக்குள் வரும் தேதியையும் விடாதீர்கள். இந்தக் கதை நடப்பது 2026 ஆகஸ்ட் 4. ஆனால் 1997-ல் வந்த பதிப்பில் புத்தகத்தின் தேதிகளை எல்லாம் 31 வருஷம் தள்ளிவைத்தார்கள், அதில் 2057 என்று இருக்கும். உங்கள் ஞாபகத்தில் எந்த வருஷம் என்பதை வைத்து எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

படி 6: கதை தமிழில் வந்ததென்றால்

இங்கேதான் கஷ்டம். வாரப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைக் கதைப்பொருள் வைத்துத் தேட வழியில்லை. எனவே கதையை விட்டுவிட்டு ஓவியத்தைப் பிடியுங்கள். கதையோடு படம் ஞாபகம் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் பத்திரிகையில் படித்ததுதான். அது ஜெயராஜ் வரைந்த பெண்ணா, மாருதி வரைந்த பெண்ணா என்பது நம் அம்மாக்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பாத்திரங்களின் பெயர் ‘விச்’, ‘வ்னா’ என்று முடிந்ததா? கெட்டி அட்டை, மாஸ்கோ முகவரியா? அப்படியானால் சோவியத் மொழிபெயர்ப்பு. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று பழைய புத்தகக் கடையில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டிலும் (பாரதி சாலை என்று பெயர் மாற்றியும் யார் வாயிலும் அது மாறவில்லை) மயிலாப்பூர் லஸ் பக்கமும் பாருங்கள். தொடர்கதைகளைக் கிழித்து வீட்டில் பைண்ட் செய்த தொகுப்புகள் கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பக்கங்களின் பின்புறம் எத்தனையோ சிறுகதைகள் பாதியாக இருக்கும்.

நூலகத்துக்குப் போவதென்றால் பத்திரிகை பெயரும் ஏறக்குறைய வருஷமும் இல்லாமல் போகாதீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் ஏராளம். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994-ல் உருவானது. புத்தகமாக வந்ததென்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896-ல் திறந்தது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும்.

படி 7: உறுதி செய்வது

கதையைக் கையில் எடுத்து, தேடலில் போடாத சங்கதி இருக்கிறதா என்று பாருங்கள். என் கையிருப்பு பந்து. வீட்டின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கருகியிருக்கிறது, ஐந்து இடங்கள் தவிர. புல் வெட்டும் ஆண், பூப்பறிக்கக் குனிந்த பெண், கைகளை உயர்த்திய பையன், எதிரே ஒரு சிறுமி. இரண்டு பிள்ளைகளுக்கும் மேலே, தூக்கி எறிந்து இன்னும் கீழே வராத ஒரு பந்து. படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீடு இருப்பது கலிஃபோர்னியாவில், ஜப்பானில் இல்லை. வேலைக்கார ரோபோ எங்கும் இல்லை.

தலைப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், தேடியவர் கையில் கதையைக் கொடுத்துவிடுங்கள். பெரியெழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருபது நிமிஷம் படித்தார். பந்து வந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

“எல்லாம் சரிதாம்மா. அந்த வேலைக்காரப் பொம்பளை எங்கே?”

“இதுல இல்லையே பெரியப்பா.”

“இருந்தாளே. புடவை கட்டிட்டு இருந்தா. படம்கூடப் போட்டிருந்தான்.”

படமா? பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன்.