உப்பு நீரில் ஆணி எங்கே கரைகிறது? நிறம் காட்டும் சோதனை

ஒரே ஆணியின் ஒரு பகுதி கரைவதையும் இன்னொரு பகுதி கரையாமல் நிற்பதையும் கண்ணால் பார்த்த பிறகுதான், துருப்பிடித்தல் என்பது ஒரு மின்கலத்தின் வேலை என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

200 மில்லி நீரில் 7 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல்நீரின் உப்பளவும் ஏறத்தாழ இதே 3.5 சதவீதம்தான். அதில் 2 கிராம் அகர் தூளைக் (ஆறியதும் கூழாக உறையவைப்பது) கொதிக்கவைத்துக் கரைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் சில துளி பினாப்தலினும் (ஹைட்ராக்சைடு போன்ற காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும்) ஒரு சிட்டிகை பொட்டாசியம் பெர்ரிசயனைடும் (கரைந்த இரும்பு அயனி பட்டால் நீலமாகும்) சேருங்கள். வெறும் உப்பு நீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் நிறங்கள் கலந்துவிடும், உறைந்த அகரிலோ தோன்றிய இடத்திலேயே நிற்கும்.

அடுத்தது ஆணி. என்னைத் தடுமாற வைத்த படி இதுதான். துத்தநாகம் பூசிய ஆணியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டு வைத்தேன். மறுநாள் ஆணி முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்ததே தவிர, எங்குமே நீலம் இல்லை. உற்றுப் பார்த்தபோது, தலைக்கு அடியில் உப்புத்தாள் எட்டாத வளையத்தில் மட்டும் சாம்பல் நிறப் பூச்சு எஞ்சியிருந்தது. அந்தச் சிறிய வளையம் தான் கரைந்து எலக்ட்ரான்களைத் தந்து, இரும்பு முழுவதையும் காத்திருக்கிறது. ஆகவே பூச்சில்லாத ஆணியையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், குமிழிகள் அடங்கும்வரை வினிகரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவித் துடையுங்கள். பெர்ரிசயனைடுடன் அமிலம் சேரவே கூடாது.

ஓர் ஆணியை வளைத்தும், இன்னொன்றில் செம்புக் கம்பியைச் சுற்றியும் தட்டில் வைத்து, அகரை ஊற்றி ஓரிரவு விடுங்கள். இரும்பு எலக்ட்ரான்களை விட்டு அயனியாகக் கரையும் ஆனோடில் நீலம் தோன்றும். ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ராக்சைடாக மாறும் கேத்தோடில் இளஞ்சிவப்பு தோன்றும். வளைத்த ஆணியில் தலை, முனை, வளைவு ஆகிய இடங்களில் நீலத்தை எதிர்பார்க்கலாம், ஏனெனில் உலோகம் நசுங்கித் திரிந்த இடங்கள் எளிதில் கரையும். செம்பு சுற்றியதில் கம்பியைச் சூழ்ந்து இளஞ்சிவப்பும் இரும்பின்மீது அடர்நீலமும் படரும்.

பிற்சேர்க்கை: இரும்பையும் செம்பையும் உப்பு நீரில் நிறுத்தி மல்டிமீட்டரால் அளந்த சிலர், பாடநூலின் மின்முனை அழுத்த அட்டவணைப்படி 0.78 வோல்ட் வரவில்லையே என்று கேட்டிருந்தார்கள். அந்த அட்டவணை, ஒவ்வோர் உலோகமும் தன் சொந்த அயனிகள் லிட்டருக்கு 1 மோல் உள்ள கரைசலில் இருக்கும் நிலைக்கு உரியது. உப்பு நீரில் அதில் பாதியளவே காட்டினாலும் உங்கள் மீட்டரில் பிழையில்லை. ஆனால் உலோகத்தைப் பிடித்திருக்கும் மீட்டரின் கிளிப் நீரில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் அதன் உலோகமும் கலத்தில் சேர்ந்து அளவைக் குலைத்துவிடும்.