வருஷக் கடைசிப் படப் பட்டியல்: ஞாபகத்தை நம்பாமல் தொகுப்பது எப்படி

டிசம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து "இந்த வருஷம் பிடித்த பத்து" என்று எழுத ஆரம்பித்தால், தீபாவளிக்குப் பிறகு பார்த்தவைதான் முந்திக்கொண்டு வரும். பிப்ரவரியில் உலுக்கியெடுத்த படத்தின் பெயர்கூட நினைவில் இருக்காது. அதனால் முதலில் பார்த்ததையெல்லாம் ஓரிடத்தில் திரட்டுங்கள். வரிசைப்படுத்துவது அதற்குப் பிறகுதான். திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வரிசைப்படுத்துவதை ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது.

திரட்டுவது

நெட்ஃபிளிக்ஸில் தொடங்குவது சுலபம். மொபைல் ஆப் வேண்டாம், பிரவுசரில் உள்ளே போங்கள். அக்கவுன்ட் பக்கத்தில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்தால் 'வியூயிங் ஆக்டிவிட்டி' இருக்கும். அந்தப் பக்கத்தின் அடியில் 'டவுன்லோட் ஆல்'. கிடைப்பது ஒரு சி.எஸ்.வி. கோப்பு, அதாவது ஷீட்டில் திறக்கக்கூடிய எளிய அட்டவணை. அதில் பெயர், தேதி என்று இரண்டே பத்திகள், சீரிஸ் என்றால் எபிசோடுக்கு ஒரு வரி. பத்து நிமிஷம் பார்த்து மூடியதும் கடைசிவரை பார்த்ததும் இங்கே ஒரே மாதிரிதான் தெரியும். வீட்டில் எல்லோரும் ஒரே ப்ரொஃபைலில் பார்ப்பவர்கள் என்றால் அடுத்தவர் பார்த்த வரிகளை முதலில் களையுங்கள்.

தேதிப் பத்தியில் கவனம் தேவை. சில கோப்புகளில் மாதம் முதலில் வரும். 5/3 என்றால் மார்ச் 5ஆ, மே 3ஆ என்று சொல்ல முடியாது. 12-ஐத் தாண்டிய எண் முதலில் வருகிறதா, நடுவில் வருகிறதா என்று இரண்டு வரி தேடிப் பாருங்கள், வடிவம் தெரிந்துவிடும். அதற்கேற்ப கூகுள் ஷீட்ஸின் அமைப்புகளில் 'லொகேல்' (எந்த நாட்டு வழக்கம்) என்பதை மாற்றிவிட்டு, கோப்பை அதில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தேதிகள் அப்படியே தங்கிவிடும்.

எவ்வளவு நேரம் ஓடியது என்றும் தெரிய வேண்டுமானால், தனிப்பட்ட தகவல்களின் முழு நகலை நெட்ஃபிளிக்ஸிடம் கோரலாம். உடனே வராது, தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்தக் கோப்பில் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். நம் ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஜனவரி 1 விடியற்காலை 2 மணிக்குத் தொடங்கிய படம் டிசம்பர் 31 இரவு 8:30 என்று பதிவாகி, போன வருஷத்தில் போய் விழும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ட்ரெய்லர்களும் அதில் தனி வரியாக வரும், நீக்கிவிடுங்கள்.

பிரைம் வீடியோவின் அமைப்புகளில் 'வாட்ச் ஹிஸ்டரி' இருக்கிறது. அதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளலாம். தியேட்டரில் பார்த்ததுதான் சுலபமாக விட்டுப்போகும். டிக்கெட் ஆப்பின் பழைய ஆர்டர்களையும் மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டுகளையும் மாதவாரியாகப் புரட்டுங்கள். கவுன்டரில் வாங்கிய டிக்கெட்டுக்கு யு.பி.ஐ. பட்டியலைப் பார்க்கலாம். நண்பர் எடுத்த டிக்கெட்டுக்கு வாட்ஸ்அப்பில் தியேட்டர் பெயரைத் தேடினால் கிடைத்துவிடும்.

ஷீட்

திரட்டியதை ஒரு ஷீட்டில் போட்டு, இனிமேல் பார்க்கப் பார்க்க நிரப்பி வாருங்கள்: பெயர், வெளியான ஆண்டு, பார்த்த தேதி, எங்கே, எந்த மொழியில், முதல் மதிப்பெண், ஒரு மாதம் கழித்து மதிப்பெண், ஒரு வரி. எட்டுப் பத்திகள் போதும், அதற்கு மேல் வைத்தால் மார்ச்சிலேயே நிரப்புவதை விட்டுவிடுவோம். 'எங்கே' பத்திக்கு டிராப்டவுன் வையுங்கள். ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டதால், பழைய ஷீட்டுகளில் மூன்று பெயர்களும் கலந்து கிடக்கும்.

ஆண்டு கட்டாயம். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால் 1986 படமா, 2022 படமா? இரண்டிலுமே கமல்ஹாசன்தான் நாயகன். பார்த்த படங்களைப் பதிவு செய்யும் தளமான லெட்டர்பாக்ஸ்டில் மொத்தமாக ஏற்றும்போது ஆண்டு இல்லாவிட்டால் வேறு படம் பதிவாகும் ஆபத்து உண்டு. அங்கே தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தர வேண்டும். பத்தித் தலைப்புகளும் ஆங்கிலத்தில், அவர்கள் கேட்கும் எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். மொழிப் பத்தியையும் விடாதீர்கள். மலையாளப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பைக் குறை சொல்வது அந்த நடிகருக்குச் செய்யும் அநியாயம்.

கூகுள் ஷீட்டை சி.எஸ்.வி.யாக இறக்கி எக்செல்லில் டபுள் கிளிக் செய்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. எக்செல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, குறியாக்கமாக யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

ஒரு வரி

மொத்த வேலையிலும் முக்கியமானது ஷீட்டின் இந்தக் கடைசிப் பத்திதான். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். 'மேக்கிங் சூப்பர்' என்றும் எழுதாதீர்கள், டிசம்பரில் அதைப் படித்தால் ஒன்றுமே ஞாபகம் வராது. ஒரு காட்சி, அது என்ன செய்தது என்று எழுதுங்கள்: "பஸ்ஸில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாமலே சமாதானமாகிவிடுகிறார்கள், பின்னணி இசையே இல்லை." பார்த்து 24 மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு எழுதினால் யூடியூப் விமர்சகர்களின் சொற்கள்தான் கைக்கு வரும்.

எந்த வருஷத்துப் படம்?

'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆனால் சோனி லிவ்வில் வந்தது 2023இல். படத் தகவல் தளங்களில் 2021 என்றுதான் இருக்கும், பெரும்பாலானோர் பார்த்ததோ 2023இல். எந்தக் கணக்கும் தப்பில்லை, ஆனால் ஒன்றைத் தேர்ந்து பட்டியலின் மேலேயே சொல்லிவிடுங்கள். நம் மக்கள் முதன்முதலில் டிக்கெட் எடுத்தோ வீட்டிலிருந்தோ பார்க்க முடிந்த ஆண்டு என்பதே நியாயமான கணக்கு. பழைய படங்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடலாம். பல சமயம் அதுதான் அதிக சுவாரசியமாக இருக்கும்.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நான்கு வாரம்போல் கழித்தே ஓ.டி.டி.க்கு வருகின்றன. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வெளியான படம் ஜனவரியில்தான் வீட்டுக்கு வரும். எனவே பட்டியலை 31ஆம் தேதி வெளியிட அவசரப்படாமல் பொங்கலுக்கு வெளியிடுங்கள்.

சீரிஸ்

ஒரு சீசனுக்கு ஒரு வரி. 'சுழல்' முதல் சீசன் 2022, இரண்டாவது 2025. இரண்டையும் ஒரே வரியில் போட்டால் முதல் சீசனின் மேல் இருந்த பிரியம் இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்ளும். பாதியில் விட்டதை 4/8 (எட்டில் நான்கு எபிசோடு) என்று குறியுங்கள், ஆனால் பட்டியலில் சேர்க்காதீர்கள். எபிசோடு எபிசோடாக மதிப்பெண் போட்டு சராசரி எடுப்பதும் ஏமாற்றும். ஆறு எபிசோடு நன்றாகப் போய், கடைசி இரண்டில் கொலையாளி யார் என்று சொல்லித் தீர்க்கவே திணறும் த்ரில்லர் நல்ல சராசரியோடு தப்பித்துவிடும். முடிவுக்குத் தனி மதிப்பெண் போடுங்கள்.

வரிசைப்படுத்துவது

ஒரு மாதம் கழித்துப் போட்ட இரண்டாவது மதிப்பெண்ணை வைத்து மேலே இருக்கும் 20-ஐ எடுங்கள். முதல் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் ஒரு ஸ்டாருக்கு மேல் வித்தியாசம் வந்தால், படம் இறங்கியிருந்தாலும் ஏறியிருந்தாலும், ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள். டிசம்பரில் பார்த்தவற்றுக்கும் பொங்கலுக்கு முந்தைய வாரம் கட்டாயம் இரண்டாவது மதிப்பெண் போட வேண்டும்.

இருபதையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட 190 முறை யோசிக்க வேண்டும், யாராலும் முடியாது. பதிலாக, ஒவ்வொன்றாக வரிசையில் செருகுங்கள். புதிய படத்தை வரிசையின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள், மேலா கீழா? அடுத்து அந்தப் பாதியின் நடுவில் இருப்பதோடு. வரிசையில் 15 படம் இருந்தாலும் நான்கே கேள்வியில் 16ஆவதன் இடம் தெரிந்துவிடும்.

கேள்வியைச் சரியாகக் கேட்பது முக்கியம். "எதை மறுபடி பார்ப்பேன்?" என்று கேட்டால் லேசான படங்களே ஜெயிக்கும், கனமான படத்தை யாரும் வெள்ளிக்கிழமை இரவு மறுபடி போடுவதில்லை. "இரண்டில் ஒன்றைப் பார்க்காமலே போயிருக்க வேண்டுமென்றால், எதை இழக்க மனம் வராது?" என்று கேளுங்கள். அப்படியும் மூன்று படங்கள் ஒன்றையொன்று மாறி மாறி முந்தினால், மூன்றுக்கும் ஒரே இடம் கொடுங்கள்.

வெளியிடும்போது

பெயர், ஆண்டு, இயக்குநர், மொழி, அன்றைய தேதியில் எங்கே கிடைக்கிறது, ஷீட்டிலிருந்து அந்த ஒரு வரி. முதல் அரைமணிக்குப் பிறகு நடப்பது எதுவும் வேண்டாம். உரிமம் முடிந்தால் படம் தளத்திலிருந்து போய்விடும் என்பதால் ஜூனில் எழுதிவைத்த 'எங்கே' விவரத்தை நம்பாமல், வெளியிடும் நாளில், எந்தப் படம் எந்தத் தளத்தில் என்று காட்டும் ஜஸ்ட்வாட்சில் மறுபடி பாருங்கள். நாடு மாறினால் தளமும் மாறும். சென்னையில் கிடைப்பது யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இல்லாமல் போகலாம், அதனால் எந்த நாட்டுக்கான விவரம் என்றும் எழுதிவிடுங்கள்.