சிஎன்சி ரௌட்டர் வாங்கும் முன் கரண்ட்டைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் சின்ன மரப் பட்டறை வைத்திருப்பவர்கள் சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) வாங்கப் போனால், விலை கேட்கும் முன் பட்டறைக்கு வருவது சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று பாருங்கள்; மெஷின் அந்த கரண்ட்டுக்கு ஒத்துவர வேண்டும். முழு பிளைவுட் 8க்கு 4 அடி. மெஷினின் மேசை அதைவிடச் சின்னது என்றால் ஒவ்வொரு ஷீட்டையும் அறுத்துத்தான் ஏற்ற வேண்டும், நாலு நாளில் சலித்துவிடும். தூசி உறிஞ்சியையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்று: வெட்டும் தலை ஓடும் ரெயிலிலும், அதை நகர்த்தும் திருகுத் தண்டான பால் ஸ்குரூவிலும் மரத்தூள் ஈரத்தோடு ஒட்டினால் துருதான், சாயங்காலம் துடைத்து எண்ணெய் தடவி மூடிவிடுங்கள். டெமோவுக்கு உங்கள் தேக்குக் கட்டையையே கொண்டுபோய், ஒரு வட்டம் வெட்டச் சொல்லி குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரவில்லையா, அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.